பாலித்தீன் மருமகள்

மழை பிடித்துக்கொண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, செல்போனுக்கு ஓர் உறை, வாசல் காலிங்பெல்லுக்குக்கூட ஒரு தொப்பி. மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை. ஈரத்தில் செத்துப்போகும் கருவிகளைத் தினமும் பார்ப்பவள். 'பாலித்தீன்' என்று பெயர் வைத்தது மாமியார்தான்.

"என்னையும் ஒரு நாள் பையில போட்டுக் கட்டிடாதடி!"

காது மெஷினை ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்கச் சொன்னால், "என் காது, என் மெஷின்" என்று தலையணைக்கடியில் சொருகிக்கொள்வார்.

அப்படி வாயாடும் மாமியாருக்கு மூச்சு மட்டும் இரவல். கட்டிலருகே ஓடும் ஆக்ஸிஜன் பெட்டிதான் அவர் உயிர். காற்றை இழுத்து ஓடும் அதற்கு மட்டும் உறை போட முடியாது; அன்று மதியம் ஜன்னல் சாரலில் நனைந்து நின்றுவிட்டது. ஆம்புலன்ஸோ, வெள்ளம் ஏறிய பாலத்துக்கு அந்தப் பக்கம்.

அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டி, நாத்தனாரைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். வேறொரு பெட்டியை உறைமேல் உறை போட்டுக் கட்டி, திறந்த லோடு ஆட்டோவின் பின்னால் பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு வந்தாள். மலைக் குளிரில் பல் கிட்டியது. பெட்டியும் ஐஸ்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது.

அறைக்குள் ஹீட்டர் கனன்றது. நனைந்த கோட்டைக் கழற்ற அவள் திரும்பியதுதான் தாமதம், நாத்தனார் பரபரவென்று உறையைக் கிழித்துவிட்டாள்.

"ஐயையோ, பிரிக்காதே!"

பெட்டி மேலெல்லாம் முத்து முத்தாய் நீர் அரும்பியது.

"மழையே படலையே அண்ணி?"

"குளிர்ந்த பொருள் மேல அறையில இருக்குற ஈரம் வந்து ஒட்டும்மா. சூடாகுற வரைக்கும் உறையோட வச்சிருந்தா ஈரம் பிளாஸ்டிக் மேலேயே நின்னிருக்கும். இப்ப உள்ளேயும் இறங்கியிருக்கும். சுவிட்சைப் போட்டா கருகிடும்."

"அதுக்குன்னு? சிலிண்டர் முள்ளைப் பாருங்க, சிவப்புக்கு வந்துடுச்சு! எங்கம்மாவைக் கொல்லப்போறீங்களா?"

சொல் நெஞ்சில் தைத்தது. அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். முள் இறங்கியது. மாமியாரின் உதடு வெளுத்தது. போட்டுவிடலாமா? கருகினால் வேறு பெட்டி கிடையாது. போடாவிட்டால்? அவள் விரலே தன்னையறியாமல் சுவிட்சுக்குப் போய், தொடாமல் திரும்பியது.

நாத்தனார் பொறுக்கவில்லை. "தள்ளுங்க அண்ணி, நான் போடறேன்!"

நீட்டிய கையை இன்னொரு கை பிடித்தது. எலும்பாய், சில்லென்று. மாமியார்.

"அவ... சொல்லட்டும்" என்றார், மூச்சுக்கு நடுவே.

நாத்தனார் விம்மிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பெட்டிக்குள் விரலை விட்டு மூலை மூலையாய்த் தடவினாள். இன்னும் பிசுபிசுப்பு. மறுபடி துடைத்தாள், மறுபடி தடவினாள். சிலிண்டர் கடைசியாய் ஒரு முறை சீறி ஓய்ந்தபோது விரல் உலர்ந்து வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

ஒரு கணம், ஒன்றுமில்லை. பிறகு பெட்டி உறுமியது.

குழாயை மாற்றி மாட்டியதும் வெளுத்த உதட்டில் மெல்ல நிறம் ஊறியது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. நாத்தனார் ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் காதிலிருந்த மெஷினைக் கழற்றி, மருமகளின் ஈர உள்ளங்கையில் வைத்தார்.

"நீ அழறதைக் கேட்க முடியல. உன் டப்பாவில போட்டு வைடி, பாலித்தீன்."