எலிக்கு வலித்ததா என்று கேட்கும் ஊர்

இந்த ஜெர்மன் ஊரில் காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் நிரப்ப வேண்டியது எலியின் வலிப் படிவம். கூண்டுக்கு ஒரு தாள். சரியாகத் தின்றதா, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, வலி எத்தனை: பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஓர் எண். எங்கள் ஊரான கருங்குழியில் மனுஷனுக்கே எவனும் இதைக் கேட்டதில்லையே என்று வந்த புதிதில் நண்பர்களுக்குக் கேலியாக எழுதினேன். இப்போது கேலி செய்வதில்லை.

என் வேலை ஒரு வெள்ளைப் பொடி. தூசியைவிடப் பல மடங்கு சிறிய துகள்கள். ஊசி வழியாகப் போட்டால் புற்றுநோய்க் கட்டியில் போய்ச் சேரும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும்; புற ஊதா விளக்கடித்தால் சிவப்பாக ஒளிரும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் கட்டியின் ஓரம் பிசகாமல் கிடைக்கும். எல்லாம் எலிக்குத்தான். அதை மட்டும் நான் ஊரில் சொல்லவில்லை.

முதல் விடுமுறைக்குப் போனபோது, மூடி ஒட்டிய சின்னக் குப்பி ஒன்றை எடுத்துப்போனேன். பீற்றிக்கொள்ளத்தான், வேறென்ன? எஸ்தர் அக்கா அப்போது நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளையும் அவள் புருஷன் மாமாவையும் மளிகைக் கடைக்கு அழைத்துப்போய், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே குப்பியைப் பிடித்தேன். அடுப்புக் கங்காகச் சிவந்தது. கடைக்காரர்கூட வாயைப் பிளந்தார். அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"இத்த போட்டா ஒடம்புல கட்டி எங்க கீதுன்னு கரெக்டா காட்டிடுமாடா?"

காட்டிடும்க்கா, துளி மிச்சமில்லாமல் வெட்டி எடுத்துடலாம் என்றேன். குப்பியை அவளிடமே கொடுத்துவிட்டு, எல்லோரையும் மாமல்லபுரம் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கித் தந்தேன். அவள் மார்பில் அப்போதே கட்டி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

அதன்பிறகு போனில் பேசும்போதெல்லாம், உன் மருந்து எப்போது வரும் என்பாள். என் ஆராய்ச்சிமேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டுரை அச்சாவதை மனதில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம்க்கா என்றேன். பாவி நான். நோய் மார்பிலிருந்து மூளைக்குப் பரவிய பிறகுதான் மாமா போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் கல்லறை மண் காய்ந்திருந்தது.

மாமா திட்டவில்லை. "செங்கல்பட்டு டாக்டரு அப்பவே வெட்டணும்னாரு. தம்பி மருந்து வரட்டும்னு குந்திகினு இருந்தாப்பா," என்றார். அவளுடைய ஸ்கேன் படத்தையும் குப்பியையும் என் கையில் கொடுத்தார். குப்பியை பீரோவில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம்.

திரும்பி வந்த மறுநாள் எலிக் கூண்டின் முன் நின்று அழுதுவிட்டேன். எலிகளைப் பராமரிக்கும் ஹெல்கா ஓடிவந்தாள். நான் இல்லாதபோது பதினான்காம் எலி செத்திருந்தது. அதற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டாள். அதற்கு வலிக்கவே இல்லை, கடைசிவரை நான் பக்கத்தில் இருந்தேன் என்றாள். நன்றி என்றேன். திருத்தவில்லை. அக்காவுக்காக இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே துக்க விசாரிப்பு அது.

குப்பி ஆய்வக மேசையில் இருக்கிறது; விளக்கடித்தால் அன்று போலவே சிவக்கிறது. ஸ்கேன் படத்தை என் அறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். காலையில் வெளிச்சம் வந்ததும் அக்காவின் தலையும், அதற்குள் அந்த வெள்ளைப் புள்ளியும், பின்னால் பனி மூடிய எதிர்வீட்டுக் கூரையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். இரண்டு படங்களைப் பொருத்துவதுதான் என் தொழில். தள்ளி நின்றும் குனிந்தும் தினமும் பார்க்கிறேன். பொருந்தவில்லை.