போதும்பொண்ணு என்று பேர் வைத்தவள்

அலங்காநல்லூரில் என் நக்கலுக்குத் தப்பியவர் கிடையாது. அப்படிப்பட்ட என் வாயும் ஒருநாள் அடைத்துப்போனது.

எண்பதுகளின் கடைசியில் என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். கூடப்பிறந்தவர்களில் பொருத்தமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். அக்காமார் நால்வருக்கும் சோதனை செய்தார்கள். நாலாமவளுக்கு மட்டும் பொருந்தியது.

நாலாவதும் பெண்ணா என்று, பிறந்த அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளிடமிருந்துதான். இனிப் பெண்ணே வேண்டாமென்று போதும்பொண்ணு எனப் பேர் வைத்தேன். அடுத்துப் பிறந்தவன் இந்த மகன்.

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், மஜ்ஜை எடுப்பதற்கு முந்தின நாள், பேர் எழுத வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"இது என்னம்மா பேரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள்தான் சொன்னாள்.

"எங்காத்தா வச்சது சிஸ்டர். பொம்பளப்புள்ள போதும்னுச்சு. இப்ப நான் இல்லாட்டி ஆகல, பாருங்க. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க, எந்தம்பி பொழைக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "என்னாத்தா, வாயி எங்க போச்சு?"

மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அதுவரை மகனுக்காகவே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவு மூடியதும், அவள் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று கும்பிட்டேன். அவளுக்காக நான் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.