பெயர் எழுதாத மூக்குக்கண்ணாடி

டப். மூக்குக்கண்ணாடிக் கூடு மூடிக்கொள்ளும் சத்தம் அது. இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கேட்கிறேன். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற பெண், ரொட்டிக்கடைக்காரர், என் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிற பாட்டிமார் என்று எல்லோரிடமும் ஒரு கூடு இருக்கிறது. திறக்கிறார்கள், போட்டுக்கொள்கிறார்கள், படிக்கிறார்கள், மூடுகிறார்கள். டப். நூல் ஆலைகளின் புகையேறிய இந்த இங்கிலாந்து நகரத்தில் கண் மங்குவது ஒரு சங்கதியே இல்லை. தடிமன் பிடித்தால் கைக்குட்டையை எடுப்பதுபோல் கண்ணாடியை எடுக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், மறுநாளும் அதே வேலைக்குப் போகிறார்கள். இலங்கைத் தேயிலை மலைகளில், கொட்டகலையிலோ கந்தப்பளையிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் ஏன் எழுதப்பட்டது என்று விளங்கும். மற்றவர்களுக்கு மெல்லச் சொல்கிறேன்.

வந்து மூன்றாவது பனிக்காலம் இது. கையுறை போட்டாலும் விரல் நுனிகள் மரத்துவிடுகின்றன. நாடி பிடித்துப் பார்க்கிற விரலுக்கே உணர்ச்சி இல்லாவிட்டால் நர்ஸ் எதற்கு என்று மேற்பார்வைச் சிஸ்டர் கேலி செய்வாள். நானும் சிரித்து வைப்பேன். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து நூலகத்தின் வாசலில் சிவப்புப் பெட்டியொன்று வைத்திருந்தார்கள். தபால் பெட்டிபோல வாய் வைத்த பெட்டி. கீழைநாட்டு ஏழைகளுக்காகப் பழைய மூக்குக்கண்ணாடிகள் சேர்க்கிறோம் என்று அதன்மேல் எழுதியிருந்தது. அடியில் ஊர்ச் சேவைக் கிளப்பின் பெயர். நான் பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு சாமானை அனுப்புகிறவர்களின் ஊரும் பெறுகிறவர்களின் ஊரும் வேறு வேறு. நான் பெறுகிற பக்கத்திலிருந்து நடந்து வந்து, அனுப்புகிற பக்கத்துக் கதவருகே நிற்கிறேன். அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் கால் நகரவில்லை.

பெட்டியைக் கவனித்துக்கொள்கிறவர் மிஸஸ் ஹார்ட்லி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் சந்தை வாசலில் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு மழையில் நிற்பார். நல்ல மனுஷி. நான் சிலோன் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "ஒரு தடவை எங்கள் கண்ணாடிகள் சிலோனுக்குப் போயிருக்கின்றனவே, தேயிலைத் தோட்டங்களுக்கு. ஒருவேளை நீங்கள் பார்த்திருக்கலாம்" என்றார். பார்த்தேன் என்றேன். "வாங்கிக்கொண்டவர்கள் சந்தோஷப்பட்டார்களா?" சிரித்தார்கள் என்றேன். அவர் அதைச் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பொய் சொல்லவில்லை நான். உண்மையாகவே சிரித்தார்கள்.

ஹட்டனில் எங்களுக்கும் ஒரு சேவைக் கிளப் இருந்தது. டவுன் டாக்டர், கோர்ட்டில் வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டர், இரண்டு துணிக்கடை முதலாளிமார், மூன்று நான்கு தோட்டத்துத் துரைமார். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் தலைவராக இருப்பார். நான் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால், தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள் என்று என்னையும் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். கண்டியிலிருந்து கண் டாக்டரை அழைத்துவர வேண்டும், அதற்காக ரயில்வே ஸ்டேஷனுக்குக் கீழேயிருந்த மைதானத்தில் கார்னிவல் வைத்தோம். வளையம் எறிதல், அதிர்ஷ்டச் சக்கரம், துரைசாணிமார் சுட்ட கேக். தோட்டத்துச் சனங்கள் லொறி பிடித்து வந்து, சக்கரம் சுற்றித் தோற்று, கேக்கை வாங்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வரப்போகிற கண்ணாடிக்கு அவர்களே சக்கரம் சுற்றினார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பிறகு சீமையிலிருந்து மரப்பெட்டி வந்தது. வைக்கோலை விலக்கினால் அடுக்கடுக்காகக் கூடுகள். ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பிரித்தோம். டப், டப், டப். கேட்டால் வைத்தியச் சாமானின் சத்தம்போலவே இல்லை, ஏதோ விளையாட்டுச் சாமான்போல இருந்தது.

கண் பரிசோதனை, மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, கண் டாக்டர் சுவரில் இங்கிலீஷ் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டார். வரிசையில் நின்ற எண்பது பேரில் ஓர் எழுத்தாவது தெரிந்தவர் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். டாக்டர் தலையைச் சொறிந்தார். நான் வெளியே போய், பக்கத்து மலையிலிருந்து இரண்டு இலையும் அரும்புமாய் ஒரு கொழுந்தையும், முற்றின இலையொன்றையும் கிள்ளி வந்தேன். தூரத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். கொழுந்தா, முத்தலா? அந்த அட்டையை எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்திருந்தது. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அங்கம்மாவின் முறை வந்தது. கொட்டகலையில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து, பதினோரு வயதில் கொழுந்துக் கூடை எடுத்து, அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகளைக் கந்தப்பளையில் கட்டிக்கொடுத்திருந்தாள். நான் கொழுந்தைக் காட்டினேன். முத்தல் என்றாள். முத்தலைக் காட்டினேன். கொழுந்து என்றாள். பின்னால் நின்ற ராக்கு, அவளுடைய கூட்டாளி, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏ அங்கம்மா, முன்னால டாக்டரய்யா நிக்கிறாரே, தெரியுதா?"

"மீசையோட என்னமோ நிக்குது. மாடா இருந்தாலும் கும்புட்டுக்கிறேன்."

பிள்ளைக்காம்பராவே சிரித்தது. டாக்டருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அங்கம்மா என்னிடம் வந்து கையை நீட்டினாள். "கையில குடுங்க நர்ஸம்மா, சொல்றேன்." கொடுத்தேன். விரல் பட்டதும் படாததுமாய்ச் சொல்லிவிட்டாள். நாலு வருஷமாக அவள் அப்படித்தான் கொழுந்து எடுத்திருக்கிறாள், விரலால் பார்த்து. ராக்கு பக்கத்துச் செடி நிரையைக் கேட்டு வாங்கிக்கொள்வாளாம். கொழுந்து நிறுக்கப் போகுமுன் அங்கம்மாவின் கூடையைத் தன் மடியில் கவிழ்த்து, முத்தல் இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி நிரப்பிக் கொடுப்பாளாம். கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. அந்த மலையில் நின்ற முப்பது பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

பெட்டியிலேயே பலமான கண்ணாடி அவளுக்குப் பொருந்தியது, கறுப்புச் சட்டம், போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி. போட்டதும் முதலில் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "ஏண்டி ராக்கு, நீ எப்ப இம்புட்டுக் கெழவியான" என்றாள். "ஒன் மூஞ்சிய இன்னும் பாக்கல இல்ல, அந்தத் தைரியம்" என்றாள் ராக்கு. அதைத்தான் மிஸஸ் ஹார்ட்லியிடம் சிரித்தார்கள் என்று சொன்னேன்.

பிறகு பெயர் எழுதும் மேசை. சீமைக்குப் பட்டியல் அனுப்ப வேண்டுமாம், யாருக்கு என்ன பலத்தில் கண்ணாடி கொடுத்தோம் என்று. எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் சனங்களுக்குப் பட்டியல் என்றாலே பயம். அங்கம்மாவும் பின்வாங்கினாள்.

"பேரு எதுக்குங்க?"

"சும்மா கணக்குக்கு."

"கணக்குன்னா, யாரு கணக்குக்கு?"

"நான்தானே எழுதுறேன் அங்கம்மா. என்னைத் தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியும் என்பதால் சொன்னாள். எங்கள் தோட்டத்தில் அங்கம்மாக்கள் மூன்று பேர். குழப்பம் வேண்டாமென்று அவள் பெயருக்கு எதிரே செக்றோல் நம்பரையும் எழுதினேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில், பேர்ப்பதிவைப் பார்த்து எந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்களோ அந்த நம்பர். யாரும் எழுதச் சொல்லவில்லை. பத்து வருஷம் தோட்டத்தில் மருந்துத் துண்டு எழுதின கை, ஆளென்றால் நம்பர் என்று பழகின கை, தானாக எழுதியது. அந்த வருஷம் கிளப்புக்குத் தலைவர் எங்கள் தோட்டத்துத் துரைதான். பட்டியல் கையெழுத்துக்காக அவர் மேசைக்குப் போனது.

போன வாரம் மிஸஸ் ஹார்ட்லி தங்கள் கிளப் மண்டபத்துக்குத் தேநீருக்கு அழைத்திருந்தார். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, மெல்லிய சாண்ட்விச். எல்லோரும் எனக்குத் தேயிலையைப் பற்றி மரியாதையாக எடுத்துச் சொன்னார்கள். ஒரு பெரியவர், கொழுந்து எடுப்பது பூப்பறிப்பது போலத்தானே, என்று கேட்டார். மழைக்குப் படங்கு கட்டிக்கொண்டு அட்டைக்கடியோடு பூப்பறிப்பதை எப்படிச் சொல்வதென்று யோசித்து, ஆமாம் என்றேன். பிறகு மிஸஸ் ஹார்ட்லி என் பக்கமாகச் சாய்ந்தார். அடுத்த மாதம் பெரிய நிதி திரட்டும் கூட்டம் இருக்கிறதாம். "ஒரு பெயர் சொல்லுங்களேன். ஒரே ஒரு பெயர். பெயர் இருந்தால் ஜனங்கள் மனமிரங்கிக் கொடுப்பார்கள்." எனக்கு நினைவில்லை என்றேன். நெடுநாளாகிவிட்டது, பாவம், என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். விரல் மரத்திருந்ததால் தட்டியது தெரியவில்லை.

கண்ணாடி கிடைத்த பிறகும் அங்கம்மா அதை மலையில் போடவில்லை. எங்கள் மலையில் பாதி நாள் மூடுபனி. கண்ணாடியில் பனி படிந்தால் வெறும் வெள்ளைதான் தெரியும். மடியில் செருகி வைத்துக்கொண்டு, முன்போலவே விரலால் பார்த்தாள், ராக்குவும் முன்போலவே பொறுக்கினாள். இரண்டு மாதம் போனது. ஒரு காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவள் நம்பரைக் கூப்பிடவில்லை. தாண்டி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். கூடையோடு நின்றாளாம். எல்லோரும் மலைக்குப் போன பிறகும் நின்றாளாம். வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டியாயிற்று.

நான் ஆபீசுக்குப் போனேன். துரை எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டினார். கோபக்காரர் இல்லை அவர். தோட்டத் தமிழில்தான் பேசினார். "அது பாவம் மனுஷி, நர்ஸ். கண் இல்லை. சரிவிலே விழும், சாகும். பிறகு யார் பொறுப்பு?" இப்போது கண்ணாடி இருக்கிறதே என்றேன். "கண்ணாடி உடைஞ்சா?" என்றார். அவளுக்கு லயத்து அறை போய்விடும், பேரில்லாதவளுக்குக் காம்பரா கிடையாது, அவளுக்கு ஆளில்லை, என்றெல்லாம் சொன்னேன். அவர் மேசையில் என் பட்டியல் இன்னும் இருந்தது. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. நம்பரின்மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு சின்னக் கோடு. வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நீ நல்ல வேலை செஞ்சது, நர்ஸ். இல்லாட்டி நமக்குத் தெரியாது" என்றார்.

நன்றி சொன்ன மனிதனை என்ன செய்வது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அன்றைக்குரிய மருந்துகளைக் கொடுத்தேன். அழவில்லை. கிளப்பின் அடுத்த கூட்டத்துக்கும் போனேன், வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கம்பளி சேர்ப்பதாகத் தீர்மானம் எழுதினேன். எழுதும்போது நம்பர் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அங்கம்மா கந்தப்பளைக்குப் போய்ப் பார்த்தாள். மருமகனின் காம்பராவில் ஏற்கெனவே எட்டுப் பேர். கடைசியில், இந்தியாவுக்குப் போகத் தாள் எடுத்திருந்த தம்பி குடும்பத்தோடு சேர்ந்துகொண்டாள். துறையூர்ப் பக்கம். அவள் கண்ணால் கண்டிராத ஊர்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். மேலங்கிப் பையில் அந்தக் கறுப்புச் சட்டம் இருந்தது, அதன் கூட்டோடு. நான் கப்பலேறியபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் செய்த கண்ணாடி, ஹட்டன் போய், திரும்பி இங்கேயே வந்திருக்கிறது. இனி எங்கே வேண்டுமானாலும் போகும், யாரும் அதனிடம் தாள் கேட்கப் போவதில்லை. எனக்கு இங்கே ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள். அங்கே திரும்பினாலும் கேட்பார்கள். எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் அடுத்த மேசையைக் கைகாட்டுகிற ஆபீஸில் நிற்கிற மாதிரி, இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறேன்.

மிஸஸ் ஹார்ட்லி அங்கே இருந்தார். பெட்டிக்குள் போடுமுன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கொடுப்பவர் பெயர், முன்பு அணிந்தவர் பெயர். இரண்டு கோடுகள். புது வழக்கமாம். பேனாவையும் திறந்து கொடுத்தார். நான் சீட்டை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கூட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்தேன். மூடினேன். டப். பெட்டியின் வாய்க்குள் விட்டேன். "என்ன அடக்கம் உங்களுக்கு" என்றார் மிஸஸ் ஹார்ட்லி.

அங்கம்மா ரயிலேறிய அன்று ஹட்டன் ஸ்டேஷனில் தூறல். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்களின் தகரப் பெட்டிகள் மேடை நெடுக இருந்தன. ராக்கு வரவில்லை. அன்றைக்கு வேலை நாள், வந்தால் அவள் பேருக்கும் சிக்கல். அங்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மலைப்பக்கம் பார்த்தபடி இருந்தாள். என்ன தெரிந்ததோ. "தொறையூர்ல தேயிலை இல்லியாமே" என்றாள். "அங்க எதத் தொட்டுப் பாக்குறது?" மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். வாயில் வரவில்லை. பட்டியலை எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியும், அவள் கண் முன்னால்தான் எழுதினேன். ரயில் கூவியது. அவள் மடியிலிருந்து அந்தக் கூட்டை எடுத்து, தடவித் தேடி என் கையைப் பிடித்து, அதற்குள் வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"இத வேற யாருக்காச்சும் குடுங்க நர்ஸம்மா. பேரு மட்டும் எழுதிக்காதீங்க."