கேக்குக்கும் தேயிலைக்கும் ஒரே கரண்டு

எங்கள் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்கு மேலே புகை படிந்த ஒரு பல்பு தொங்கும். அது மங்கிச் சிவந்தால், பங்களாவில் துரைசாணியம்மா கேக் போடுகிறார் என்று பொருள். வெள்ளைக்காரர் காலம். குந்தாப் பக்கத்து எஸ்டேட். ஓடைத் தண்ணீரில் சுற்றும் குட்டி டர்பைன் தருவதுதான் மொத்தக் கரண்டும். அதில்தான் ஃபாக்டரியும் ஓட வேண்டும், சீமையிலிருந்து கப்பலேறி வந்த மின்சார அடுப்பும் சூடேற வேண்டும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

கோயமுத்தூரில் கரண்டு வேலை பழகியவன் என்று சொல்லி அங்கே சேர்ந்தவன் நான். பழகியதெல்லாம் மூங்கில் குச்சியால் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பின்னால் குதிப்பது. தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் பார்த்துவிட்டு, "ஏனப்பா, பாம்பா அடிக்கறே?" என்பார். அப்புறம் எனக்குத் தகுந்த வேலையைக் கொடுத்தார்: ஓடுவது. ரோலர் முனகி நின்றால் மேடேறிப் பங்களாவுக்கு ஓடி, சமையற்காரரிடம் "கேக் வெந்துருச்சுங்களா?" என்று கேட்டு வர வேண்டும். துரையிடம் நேராகச் சொல்லும் துணிச்சல் அந்த மலையில் யாருக்கும் இல்லை.

ஒரு கோடையில் முதல் மழைக்கே கொழுந்து மலையாகக் குவிந்துவிட்டது. ஓடையில் மட்டும் தண்ணீர் ஏறவில்லை. ரோலர் பாதியில் நின்றதால் முந்தைய சரக்கு புளித்துப் போயிருந்தது. இன்னொரு முறை கெட்டால் பெட்டி படுக்கையோடு மலையிறங்கலாம் என்று துரை டீமேக்கரிடம் சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் பார்த்துப் பல்பு மங்கியது. ஓடினேன். "இப்பத்தானுங்க மாவையே ஊத்துனாங்க" என்றார் சமையற்காரர்.

டீமேக்கர் பாதி உருண்ட கொழுந்தைப் பார்த்தார். தேயிலை காய வைக்கும் டிரையரின் விறகடுப்பைப் பார்த்தார். "போய் அந்தக் கேக்கை இங்க தூக்கிட்டு வா."

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"நம்ம அடுப்புல சீக்கிரம் வேகும்னு சொல்லு. துரை கேட்டா, நீ சொன்ன யோசனைன்னு நான் சொல்லிக்கறேன்."

துரைசாணியம்மா பொங்கினார். "உங்க மெஷின் ஓடி ஓடி என் கேக் எப்பவும் பச்சை!" இத்தனை நாளும் அவர் எங்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! இன்று மலையெங்கும் கம்பி ஓடுகிறது. ஆனாலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் நான் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிறேன். அவரும் அங்கே என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் அடுப்பில் சீக்கிரம் வேகும் என்றதும் அம்மா கிளம்பிவிட்டார். கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் முன்னே, குடையோடு அவர் பின்னே. அடுப்பின் பக்கவாட்டு இரும்பறையில் கேக் அழகாக உப்பியது. ரோலர்களும் ஜோராகச் சுற்றின. ஆனால் ஃபாக்டரி முழுக்க வெனிலா வாசம். தேயிலைக்கு எந்த வாசமும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். டீமேக்கர் முகம் தொங்கிப்போனது. "கெட்டுது போ. ரெண்டு பேருமே மலையிறங்கலாம்."

மறுநாள் காலையில் துரை அந்தச் சரக்கை ருசி பார்க்க வந்தார். வழக்கம்போலத் தேநீரை உறிஞ்சினார், வாய்க்குள் சுழற்றினார். ருசி பார்ப்பவர்கள் அடுத்துத் துப்ப வேண்டும். டீமேக்கர் எச்சில் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவோரமாக நகர்ந்தேன்.

துரை விழுங்கிவிட்டார். கோப்பையைக் காலி செய்து, இன்னொன்று கேட்டார்.

அவர் தலை மறைந்ததும் டீமேக்கர் என் முதுகில் ஒன்று வைத்தார். "ஓடு! அம்மா அடுத்த கேக்கை எப்பப் போடறாங்கன்னு கேட்டுட்டு வா."