சாவிக்கார மாமாவின் முன்பல்

“அந்தப் பக்கம் நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்பதை உதட்டை அசைக்காமல் சொல்வார் மாமா. அசைத்தால் சாவி விழுந்துவிடும். வலது கையில் அரம், இடது கையில் மாதிரிச் சாவி, கீழ்வரிசை முன்பற்களுக்கும் மேல்வரிசைக்கும் நடுவில் இன்னும் வெட்டாத பித்தளைச் சாவி. மாடிப்படிக்கு அடியில், பீரோ அகலத்தில் ஒரு கடை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த முணுமுணுப்பைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். வீட்டில் இருக்கும் நாங்கள்தான் இன்னும் பழகவில்லை.

சாவி வைக்க இடமா இல்லை? தட்டு இருக்கிறது, ஆணி இருக்கிறது. அத்தை ஒருநாள் காந்தப் பட்டை ஒன்று வாங்கிவந்து மேஜைக்கு மேலே ஒட்டினாள். மாமா அதில் சாவியை வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது. “பித்தளை காந்தத்துல ஒட்டாதுடி” என்றார். அந்த வெற்றியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்.

கடைசியில் ஒரு நாள் கீழ் முன்பல் சாவியோடு சேர்ந்தே வெளியே வந்தது. மனிதர் முதலில் சாவியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

பல் டாக்டரம்மா பொறுமைசாலி. மாமாவைப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்திருப்பார். இடம் குறுகல், தாடை எலும்பு மெலிசு என்று தீக்குச்சி கனத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூவை நட்டு, அது எலும்பில் பிடிக்கும்வரை காத்திருந்து, அதன் தலையில் கேப் மாட்டுவதாக ஏற்பாடு. “ஒரு தடவைதான் நட முடியும். இதுவும் போச்சுன்னா மறுபடி நட அங்க எலும்பு இல்ல. அப்புறம் கழட்டி டம்ளர்ல போட்டு வைக்கிற பல்லுதான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மாமாவுக்கு டம்ளர் என்றால் உதறல். சின்ன வயதில் அவருடைய அப்பாவின் பல் செட்டு கிடந்த டம்ளரைத் தெரியாமல் எடுத்துக் குடித்தவர் அவர். பயந்தார். ஆனால் பயம் வீட்டோடு சரி, கடைக்கு வராது.

கேப்பை முதலில் தற்காலிக சிமென்ட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். கடி எங்கெங்கே படுகிறது என்று பார்க்க நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. மற்ற பற்களில் எல்லாம் நீலம் பதிந்தது, புதுப் பல்லில் பதியவில்லை. அவ்வளவுதான், மாமாவுக்குள் இருந்த தொழிலாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு நூல் கம்மியா விட்டுட்டீங்களே டாக்டர். நான் இப்படிச் சாவி வெட்டினா மூஞ்சில எறிவாங்க.”

“வேணும்னுதான் விட்டிருக்கேன். உங்க சொந்தப் பல்லுக்கு அடியில மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு, கடிச்சா கொஞ்சம் அமுங்கும். இது நேரா எலும்புல நிக்குது. அமுங்காது. முட்டினா தாங்காது.”

“அப்ப அந்த மெத்தையும் சேத்துப் போட்டுக் குடுங்களேன்.”

டாக்டரம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தாள்.

கேப் முதல் தடவை சாவியைக் கடித்துக் கழன்றது. ஒட்டி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை அதுவாகக் கழலவில்லை. உள்ளே எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க, பூட்டு நெம்பும் கம்பியால் கண்ணாடி முன்னால் நின்று மாமாவே நெம்பி எடுத்துவிட்டார். “எனக்குத் தெரியாத பூட்டா?” என்று உள்ளங்கையில் வைத்து எங்களிடம் காட்டினார். நல்லா இருக்கு, கண்காட்சி வையுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது; அத்தை முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

“இது என்ன செருப்பா, வாசல்ல கழட்டி விடுறதுக்கு?” என்று, கேப்போடு போய் நின்றதும் டாக்டரம்மாவே கத்திவிட்டார். பிறகு ஒரு கருவியின் பின்புறத்தால் ஸ்க்ரூவை மெல்லத் தட்டிப் பார்த்தார். “ஆடல. தப்பிச்சீங்க.”

அன்றே நிரந்தர சிமென்ட். ஈறுக்கு அடியில் துளி தங்கினாலும் புண்ணாகிவிடும் என்று நூல் விட்டு விட்டு வழித்தெடுத்தார். கையுறையைக் கழற்றும்போது சொன்னார்: “இதுவரைக்கும் கேப் மட்டும் வந்துச்சு. இனிமே அது வராது. சாவியக் கடிச்சீங்கன்னா ஸ்க்ரூவே வரும்.”

மறுநாள் காலை கடைக்குப் போகிறேன். வாயில் சாவி. கேட்டால், “இது கடவாய்டா. டாக்டர் முன்பல்லத்தான சொன்னாங்க?”

“பக்கத்துப் பல்லு உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணிச்சு?” என்றாள் பின்னாலேயே வந்த அத்தை. அதோடு, மும்முரம் வந்துவிட்டால் சாவி தானாக முன்னால் நகர்ந்து வரும் என்பது எங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் வெட்டாத சாவிகளுக்கெல்லாம் கசப்பு டானிக் பூசி வைத்தேன். முதல் சாவியைக் கடித்தார், முகம் கோணியது. “என்ன, இந்தத் தடவ வந்த லாட்டுப் பித்தளை இவ்ளோ கசக்குது?” என்றவர், அடுத்ததை எடுத்துக் கடித்தார். இவரை என்னதான் செய்வது?

போன வாரம் மேல்மாடியில் ஒரு அம்மா வெளியே வந்த நேரத்தில் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, அடுப்பில் பால். நடையில் விளக்கும் எரியவில்லை. அத்தை ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கருவிப் பெட்டியுமாக நின்றாள். மாமா வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு முறுக்கி, அதில் விழுந்த தடத்தைப் பார்த்து அரத்தால் ராவி, மறுபடி விட்டு, மறுபடி ராவிக்கொண்டிருந்தார். அரம் மாற்ற வேண்டும். இரண்டு கையும் வேண்டும். சாவி தன் பாட்டுக்கு வாய்க்குப் போனது.

உதட்டில் பட்டதும் நின்றது. மாமா அப்படியே அசையாமல் இருந்தார். வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“குடுங்க இங்க” என்றாள் அத்தை. கை ஏது? குனிந்து, அவர் விரலிலிருந்த சாவியைத் தன் முன்பல்லால் கவ்விக்கொண்டாள்.

“சீக்கிரம் சார், பால் பொங்கிடும்!” என்றது பின்னால் ஒரு குரல்.

மாமா அரத்தைத் தேடவில்லை. அத்தையின் வாயிலிருந்து சாவியைப் பதமாக உருவிச் சட்டைப்பையில் போட்டார். பை எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. பிறகு அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, “எங்க, ஆ காட்டு” என்று அவளுடைய கீழ்ப்பல் வரிசையில் வெளிச்சத்தை அடித்து, ஒவ்வொரு பல்லாக விரலால் தொட்டு ஆடுகிறதா என்று பார்த்தார்.