அட்டையில் விழுந்த சொட்டுகள்

இது நடப்பதற்கு முன் கோவில்பட்டியில் எனக்கிருந்த நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றவன். முப்பத்தைந்து ஆண்டுகள் தீப்பெட்டி ஆலை நடத்தினேன். ஆலைக்காரர்களுக்குள் வழக்கு வந்தால் இரு தரப்பாரும் என் வீடு தேடி வந்தார்கள். நான் எவர் வாசலிலும் போய் நின்றதில்லை.

ஆலையை விற்றாயிற்று. மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள். மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நானும், ஷெட்டில் இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் மிச்சம். அதில் இரண்டே இருக்கைகள். கழுகுமலைக்கு மனைவியும் நானும் அதில்தான் போய்வருவோம். கண் அறுவை சிகிச்சைக்குப் பின் நான் ஓட்டுவதில்லை. ஞாயிறு காலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவதோடு சரி.

சென்ற கோடையில் தன் அம்மாவின் திதிக்கு வந்த மகன், வண்டிக்கடியில் தேங்கியிருந்த எண்ணெயை மிதித்துவிட்டான்.

"வண்டியப் பாத்துக்கிட ஆளில்ல. ஒங்களப் பாத்துக்கிடவும் ஆளில்ல. இத வித்துட்டு எங்கூட வந்துருங்கப்பா."

"எங்கன ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு அடைக்கேன். முடியலன்னா வாரேன்" என்றேன்.

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே நான் என் வீட்டில் இருப்பதா, பிறர் வீட்டு அறையொன்றில் இருப்பதா என்பது அந்தக் கசிவைப் பொறுத்ததாயிற்று.

ஆலையில் மிஞ்சிய வெள்ளை அட்டைகளை வண்டிக்கடியில் விரித்தேன். மாலைதோறும் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, காலைதோறும் விழுந்திருந்த சொட்டுகளைப் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி எழுதினேன். பத்து நாட்கள். அந்த நாட்களில் பால்காரப் பெண்மணியைத் தவிர எவருடனும் நான் பேசியதாக நினைவில்லை. சொட்டுகள் அனைத்தும் எஞ்சினின் பின்முனைக்கு நேர்கீழே, கியர்பெட்டி சேரும் இடத்தில் விழுந்திருந்தன. எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் பின்பக்க சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்று முடிவு கட்டி, மகனுக்கும் தொலைபேசியில் அறிவித்தேன்.

பசுவந்தனையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். நான்கு நாட்கள் காலையில் வந்து இருக்கைகளையும் தரைத்தகடுகளையும் கழற்றினார். பதினொரு மணிக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"சீனி போட்டீங்களா அண்ணாச்சி, இல்ல டப்பாவ மட்டும் காட்டுனீங்களா?"

"வேலயப் பாருங்க."

"பாக்குதேன். எஞ்சின எறக்கச் சொல்லுதீங்க, எறக்கிருவோம். தூக்கி வைக்கயில நீங்களும் ஒரு பக்கம் பிடிக்கணும், பாத்துக்கிடுங்க."

நான்காம் நாள் அவர் தரையில் வைத்த, போல்ட் கழற்றும் சாக்கெட் ஒன்று உருண்டு, நிற்காமல் ஓடிப் பின்சுவரில் முட்டியது.

"ஏலே, எங்கல போற?" என்று அதை அதட்டியவர், சட்டென்று தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, ஷெட்டே பின்னால சாஞ்சுல்லா கெடக்கு! பத்து நாளா அட்டையப் பாத்தீங்களே, தரையப் பாத்தீங்களா?"

கரிசல் மண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும். ஷெட்டின் பின்பக்கம் இறங்கி, சுவரில் விரல் நுழையும் வெடிப்பு ஆண்டுதோறும் விடும். ஆண்டுதோறும் ஆள் வைத்து அதைப் பூசியவன் நான். வெடிப்பைப் பூசியபின் எங்கள் பக்கத்தில் எவரும் தரையைப் பார்ப்பதில்லை. இயற்பியல் படித்தவனும் பார்க்கவில்லை.

அவர் எஞ்சினின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு ஓடவிடச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில், முன்புறமுள்ள பக்கமூடியின் கீழ்விளிம்பில் எண்ணெய் முத்து முத்தாக அரும்பியது. அது வழிந்து, அடியிலுள்ள ஆயில் சேம்பரின் ஓரமாகவே சரிவில் பின்னால் ஓடி, அங்கே சொட்டியது. மூடியின் போல்ட் கைவிரலுக்கே சுற்றியது. உள்ளேயிருந்த கார்க் பேக்கிங் காய்ந்து ஒடிந்தது. புதிது வெட்டிப் பொருத்த அரை நாள் ஆயிற்று. கழற்றியவற்றை அன்று மாலைக்குள் மாட்டிவிட்டுப் புறப்பட்டார்.

அதன்பின் அட்டை வெள்ளையாகவே இருந்தது. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "சரிப்பா" என்று பதில் வந்தது. விற்பது பற்றி அவன் பேசவில்லை. வருவது பற்றியும் பேசவில்லை. மறுநாள் பதினொரு மணிக்குக் காப்பியை இரண்டு தம்ளர்களில் ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. போல்ட் தளர்ந்திருந்ததை மெக்கானிக் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். "பேச்சுத் துணைக்கு ஆள் வரட்டும்னு அண்ணாச்சியே போல்ட்டக் கழத்தி விட்டிருக்காவ" என்று மற்றவர்கள் அதை முடித்துவைத்தார்கள். மகனும் தொலைபேசியில் தயங்கித் தயங்கி அதையே கேட்டான்.

அது உண்மையன்று. கார்க் காய்ந்து சுருங்கினால் போல்ட் தானாகவே தளரும். நான் அதைத் தொடவில்லை.