மச்சான் கொடுத்த ஒரு சாண் நூல்

டிரில் மாஸ்டர் என் வயிற்றைச் சுற்றி ஒரு கறுப்பு நூலைக் கட்டினார். தையற்கடையில் இருக்கும் சாதாரண நூல்தான். தொப்புளுக்கு நேராக முடிச்சுப் போட்டு, சுட்டுவிரலை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தார். "ஒரு வெரல் எடம் உட்டுக்கிறேன். சாயங்காலமும் என் வெரல் இதே மாதிரி உள்ள போவணும். நூல் அறுந்தாலும் சரி, வெரல் போவலன்னாலும் சரி, திருட்டுத்தனமா தின்னுட்டன்னு அர்த்தம். மூட்டையக் கட்டிக்கினு போயிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்றார். அறுபதுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையில், திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பால் ஒரு மாந்தோப்பில் அவர் நடத்திய உடம்பு இளைக்கும் முகாமின் முதல் நாள் அது. நாற்பது நாள் அங்கேயே தங்க வேண்டும். மளிகைக் கடைக்காரர், அரிசி மண்டிக்காரர் என்று எல்லாமே தொந்திகள். அதில் நெசவாளிகள் நாங்கள் இருவர்தான், நானும் என் மனைவியின் அண்ணனும்.

நான் ஆசைக்கு இளைக்கப் போனவனில்லை. குழித்தறியில் உட்கார்ந்தால், நெய்த புடவையைச் சுருட்டும் மரம் வயிற்றுக்கு முன்னால்தான் இருக்கும். என் தொந்தி வளர வளர அந்த மரத்தைத் தொட்டது, பிறகு புடவையையே தொட்டது. பங்குனி வெயிலில் வேர்வை பட்டு, அரக்குக் கலர் முகூர்த்தப் புடவையில் கையகலக் கறை விழுந்துவிட்டது. முதலாளி அதை என் முன்னால் விரித்துக் காட்டி, "அடுத்த பொடவையிலயும் உன் வயிறு தெரிஞ்சா, உனக்குப் பாவு கெடையாதுப்பா" என்றார். தறியில் ஏற்றும் பாவு நூலை முதலாளி தராவிட்டால் நெசவாளிக்குத் தறி என்பது வெறும் குழிதான்.

மச்சானுக்கும் என்னளவு வயிறு உண்டு. ஆனால் கை நீளம், தள்ளி உட்கார்ந்து நெய்வார். அவர் புடவையில் ஒரு புள்ளி விழுந்ததில்லை. அவர் வந்தது எனக்குத் துணையாக. "உன்னத் தனியா உட்டா பாதி வழியில எந்த ஓட்டல் வாசன வருதோ அங்கயே நின்னுடுவ மாப்ள" என்றார். எதற்கும் ஒரு வாசகம் வைத்திருக்கும் மனிதர். பசித்தவனிடம் நியாயம் பேசாதே, பந்தி முடிந்த பிறகு பேசு என்பார்.

விடிந்ததிலிருந்து தோப்பைச் சுற்றி ஓட்டம். பிறகு தண்டால், பஸ்கி. மூன்றாவது சுற்றிலேயே எனக்குக் கண் இருட்டியது. மாஸ்டர் பின்னாலிருந்து, "ஓடி எவனும் சாவலய்யா. உக்காந்து உக்காந்துதான் செத்தான்" என்று கத்தினார். மச்சான் மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து, "நாம மரத்த சுத்துறமா, மரம் நம்மள சுத்துதா, பாத்துச் சொல்லு மாப்ள" என்றார். சிரித்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. மத்தியானம் ஆளுக்கு ஒரு குவளை கொள்ளுத் தண்ணீர். அவ்வளவுதான்.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் துணிமூட்டைக்குள் மந்தாரை இலையில் கட்டிய நாலு இட்லி இருந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் எங்கள் ஊர் இட்லி. கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். மச்சான் வந்து நின்றார். நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினார். நாலையும் தின்று, தண்ணீர் குடிக்கக் குனிந்தேன். நூல் அறுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சான் அறுந்த முனைகளை இழுத்துப் பார்த்தார். வயிறு நிறைந்துவிட்டதால் முனைகள் ஒன்றையொன்று தொடவில்லை. தன் இடுப்பு நூலை அவிழ்த்தார், ஒரு சாண் அளவு பல்லால் கடித்து எடுத்தார். அறுந்த பட்டிழையை நாங்கள் தறியில் பிணைப்பதுபோல, விரல் நுனியில் எச்சில் தொட்டு முறுக்கி இரண்டு பக்கமும் சேர்த்தார். இணைப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. தறியையே பார்க்காத மாஸ்டருக்கா தெரியப் போகிறது. மீதியைத் தன் வயிற்றை எக்கிக்கொண்டு கட்டினார்.

"உனக்கு இறுக்குமே மச்சான்."

"தொந்தி எனக்கும்தான் இருக்குது. கறை உனக்குதான மாப்ள. கம்னு இரு."

சாயங்காலம்வரை அவர் வயிற்றை எக்கியபடியே பஸ்கி எடுத்தார். வரிசையில் மாஸ்டர் என் நூலுக்குள் விரலை விட்டார். போயிற்று. மச்சானிடம் வந்து, "மூச்ச உடுய்யா" என்றார். விட்டார். நூல் சதையில் பதிந்தது. விரல் நகம்கூட நுழையவில்லை.

"இன்னாய்யா தின்ன?"

"இட்லி சார்."

"எத்தினி?"

மச்சான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நாலு சார்."

"வெக்கமா இல்ல?"

"இருக்குது சார்."

வெட்கப்பட வேண்டிய நான் அடுத்த ஆளாக நின்றுகொண்டிருந்தேன். முதலாளியின் குரல் காதில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. மச்சான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் ஓடிய அதே வரப்பில், இப்போது அவசரமில்லாமல் நடந்து போனார்.

நாற்பது நாளும் தங்கினேன். அடுத்த புடவை கறையில்லாமல் தறியிலிருந்து இறங்கியது. பாவு தொடர்ந்து வந்தது, அதில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் அரிசி மண்டிக்காரர் வாய் சும்மா இருக்குமா. எங்கள் பேட்டையான பிள்ளையார்பாளையம் முழுக்க மச்சானுக்கு நாலு இட்லிக்காரர் என்று பேர் ஆகிவிட்டது. டீக்கடையில், கோயிலில், ஏன், அவர் வீட்டிலேயே அந்தப் பேர்தான். என் மனைவிகூட, "நீ ஒரு நாளு கூட தாங்கலயேண்ணா" என்று சொல்லிக்காட்டுவாள். அவர் சிரிப்பார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

பல வருஷம் கழித்து அவர் பேத்தி கல்யாணப் பந்தியில், பரிமாறும் பையனிடம் யாரோ, "அவருக்கு நாலா வையுப்பா, கணக்கு அது" என்றார்கள். பந்தியே சிரித்தது. எனக்குத் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதென்று எழுந்துவிட்டேன். மச்சான் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு மாப்ள. இந்தப் பேருக்கு இன்னா கொறச்சல்? எங்க போனாலும் கேக்காமயே நாலு வெக்கிறாங்க."

உட்கார்ந்துவிட்டேன். மச்சான் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. என் பேரன் இன்று உடம்பு இளைக்க ஜிம்முக்குப் போகிறான், அங்கே எடையை இயந்திரம் சொல்கிறதாம். இந்தத் தடவை வேட்டியைப் பிடித்து இழுக்க ஆளில்லை. அதனால் எழுந்து நின்று சொல்கிறேன்: அந்த நாலு இட்லியையும் தின்றவன் நான்.